தேன் அண்டாவுக்குப் பெட்டி வாங்கிய விதம்

என் எழுத்து கோணலாகத்தான் போகும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதியது ரேஷன் கடையில் கையெழுத்தும், குழுவின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும்தான். மறதியும் உண்டு. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தேன் கூடத்துக்குத் தானாக இயங்குகிற கன்ட்ரோலர் எப்படி வந்தது என்று சொல்லும்படி குழுவில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதோ பத்தோ இருக்கும். குழித்துறையிலிருந்து பேச்சிப்பாறை போகிற பஸ்ஸில் ஏறி, இரண்டு பக்கமும் ரப்பர் மரம் தொடங்குகிற இடத்தில் இறங்கினால் எங்கள் கூடம். மகளிர் சுய உதவிக் குழு. பதினான்கு பேர். மாசி, பங்குனியில் ரப்பர் தளிர்க்கும்போது தோட்டங்களில் வைத்த கூடுகளிலிருந்து தேன் வரும். ரப்பர்த் தேனில் தண்ணீர் அதிகம். எடுத்தபடியே வைத்தால் புளித்து நுரை தள்ளும், குப்பி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். ஆகையால் அதைச் சூடாக்கி, வடிகட்டி, ஆறவைத்துத்தான் குப்பியில் ஊற்ற வேண்டும்.

சூடாக்குவதற்கு இரட்டை அண்டா. வெளி அண்டாவில் தண்ணீர், அதில் கரண்ட் ஹீட்டர். உள் அண்டாவில் தேன். நேராகத் தீ பட்டால் தேன் கருகும், தண்ணீரின் சூடுதான் ஏற வேண்டும். பயிற்சி கொடுத்தவர் அறுபது டிகிரி என்று சொல்லியிருந்தார். அறுபது ஆனதும் ஹீட்டரை நிறுத்தி, கொஞ்ச நேரம் கிண்டி, பம்பைப் போட்டு வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். சூடு குறைந்தால் புளிப்பு நிற்காது. கூடினால் தேனின் குணம் போய்விடும், சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். மற்றவர்கள் கண்காட்சிகளில் கடை போடுவார்கள், வங்கிக்குப் போவார்கள், வருகிறவர்களிடம் விலை பேசுவார்கள். எனக்கு அந்நியரைப் பார்த்தால் நாக்கு எழாது. அண்டாவிடம் பேச வேண்டியதில்லை. குழு தொடங்கிய நாளிலிருந்து அந்த இடம் என்னுடையது. அதை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

சூடு பார்க்க நீளமான கண்ணாடி வெப்பமானி ஒன்று, மேல் பாதி வெளியே தெரியும்படி அண்டாவின் விளிம்பில் தொங்கும். அதில் உள்ள கோடுகள் மயிர் மாதிரி இருக்கும், எண்கள் எறும்பு மாதிரி. ஆவியில் நின்று அதைப் படிக்க முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு சிவப்பு நூலை எடுத்து அறுபது என்ற இடத்தில் சுற்றிக் கட்டினேன். பாதரசம் நூலைத் தொட்டால் ஹீட்டரை நிறுத்துவது. எண் படிக்க வேண்டியதே இல்லை. எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். பயிற்சி கொடுத்தவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பிறகு எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. வலது கண்ணில் அதிகம், இடது கண்ணில் கொஞ்சம். சிவப்பு நூல் தெரியும். பாதரசக் கோடு கலங்கலாகத் தெரியும். எண் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அண்டாவை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கண்காட்சிக் கடையில் உட்கார வைப்பார்கள் என்று பயம்.

அந்த வருஷத் தேனில் முதல் தவணை திரும்பி வந்தது. எங்களிடம் மொத்தமாக வாங்குகிறவர் குழித்துறை வியாபாரி. அவர் சோதனைக்கு அனுப்பியதில் தேன் அதிகமாகச் சூடாகியிருக்கிறது என்று முடிவு வந்ததாம். இரண்டாவது தவணையும் அதே காரணத்துக்காகத் திரும்பி வந்தது. வியாபாரி நேரில் வந்து எங்கள் குழுத் தலைவியிடம் சொன்னார்.

“எனக்கு உங்க கிட்ட ஒரு கோவமும் இல்ல, கேட்டியளா. ஆனா மூணாவதும் இப்பிடி வந்தா நான் வேற ஆளப் பாக்க வேண்டி வரும்.”

தலைவி என்னைவிடப் பத்து வயது இளையவள். நன்றாகப் பேசுவாள். அன்றைக்கு வியாபாரியிடம் தலையை மட்டும் ஆட்டினாள். வியாபாரி போன பிறகு என்னிடம் கேட்டாள்.

“அக்கா, நூலு வரைக்குந்தானே ஏத்துகிய?”

“நூலு வரைக்குந்தான்” என்றேன். அது உண்மைதான்.

தலைவியின் கணவர் வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் ஒரு தண்ணீர் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஆலையில் வால்வு திறப்பது, மோட்டார் ஓடுவது எல்லாம் பி.எல்.சி. என்கிற கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளுமாம். அதைப் பற்றிப் பேச அவருக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லை. தேன் திரும்பி வந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ஏட்டி, இதுக்கு ஒரு சின்ன பி.எல்.சி. போட்டா போரும். சூடு வந்ததும் அதுவே ஹீட்டரை நிறுத்தும், அதுவே கிண்டும், அதுவே பம்பைப் போடும். நீங்க பதினாலு பேரும் வீட்டுல கெடந்து உறங்கலாம்.”

“எங்கள உறங்கப் போட்டுட்டு நீங்க மறுபடியும் பிளேன் ஏறவா?” என்றாள் தலைவி.

ஆனாலும் அவள் சரி என்றாள். வேறு வழி தெரியவில்லை. அடுத்த நாள் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடத்துக்கு வந்தார். கன்ட்ரோலர் வாங்கும் முன் அதற்குள் போகிற கம்பி எத்தனை, அதிலிருந்து வெளியே வருகிற கம்பி எத்தனை என்று எண்ண வேண்டுமாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் தேவைக்கு மேல் பெரியதைத் தலையில் கட்டிவிடுவார்களாம்.

வெளியே வருவது நாலு: ஹீட்டர், கிண்டுகிற மோட்டார், பம்பு, முடிந்ததும் அடிக்கிற மணி. உள்ளே போவது தொடங்குகிற பட்டன், நிறுத்துகிற பட்டன், அண்டா மூடியிருக்கிறதா, வெளி அண்டாவில் தண்ணீர் இருக்கிறதா, பிறகு சூடு. ஐந்து. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எழுதினார்.

“அறுபது ஆன பெறவு எத்தனை நிமிஷம் கிண்டணும்?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கூடத்தில் கடிகாரம் இல்லை. ஆரம்பத்திலிருந்தே செபமாலை சொல்லித்தான் நேரம் பார்ப்பது. கிண்டும்போது செபமாலையில் இரண்டு பத்து, அதாவது இருபது தடவை ‘அருள் நிறைந்த மரியே’, சொல்லி முடித்தால் நேரம் ஆகிவிட்டது என்று கணக்கு. இந்துப் பெண்களுக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

“ரெண்டு பத்து” என்றாள் தலைவி.

“ரெண்டு பத்துன்னா? இருவது நிமிஷமா?”

“செபமாலையில ரெண்டு பத்து. அது ஒரு பத்து நிமிஷம் வரும்.”

“அது சொல்லுகது யாருன்னு பாக்கணும்” என்றாள் லேபிள் ஒட்டுகிறவள். அவள் முப்பது வயதுக்காரி, எங்களில் கண்ணும் வாயும் கூர்மையானவள். “நீங்க சொன்னா அஞ்சு நிமிஷம். கோயிலுக்குப் பிந்திட்டா மூணு நிமிஷம். உங்க மாமியாரு சொன்னா தேன் கருப்பட்டி ஆயிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவியின் கணவருக்கு அவர் அம்மாவைச் சொன்னது பிடிக்கவில்லை. “பத்து நிமிஷம்” என்று எழுதிக்கொண்டார்.

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு மின்சாமான் கடை. மோட்டார், ஸ்டார்ட்டர், இந்த மாதிரிக் கன்ட்ரோலர் எல்லாம் விற்கிற இடம். தலைவியும் கணவரும் போனார்கள். அண்டாவைப் பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். நான் வழியெல்லாம் யாரும் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

கடைக்காரர் நிதானமானவர். நோட்டைப் பார்த்துவிட்டு மூன்று பெட்டிகளை மேஜைமேல் எடுத்து வைத்தார். மூன்றும் டிபன் பாத்திரத்தைவிடச் சிறியவை. இவ்வளவு சின்னதா என்று தலைவி கேட்டாள்.

முதல் பெட்டி பழையது. மூடிப்போன ஏதோ மில்லிலிருந்து வந்தது. விலை மிகக் குறைவு. தலைவியின் கை உடனே அதற்குத்தான் போனது. கடைக்காரர் தாமாகவே சொன்னார்.

“இதை வாங்காதீங்கம்மா. இதுக்குள்ள பழைய வேலையை எழுதி யாரோ பூட்டி வச்சிருக்கான். கடவுச்சொல் எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்ல இருந்து எழுதுற கேபிளும் தனியா தேடணும். கேபிளுக்கு ஆகுற செலவுல புதுசே வாங்கிறலாம்.”

“பின்ன எதுக்கு வச்சிருக்கிய?” என்றாள் தலைவி.

“கேக்குறவங்களுக்கு வேண்டாம்னு சொல்றதுக்குத்தான்.”

இரண்டாவது பெட்டி புதியது. உள்ளே எட்டு, வெளியே நாலு. திரை கிடையாது. எழுதுகிற கேபிளும் அதோடு கிடைக்கும். ஆனால் அதற்கு ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் தெரியும் என்றார். பட்டன் அமுக்கியிருக்கிறதா, ஆமாம். மூடி திறந்திருக்கிறதா, இல்லை. சூடு எத்தனை என்று அதனிடம் கேட்டால் முழிக்கும். சூட்டை அளக்கத் தனியாக ஒரு மீட்டர் வாங்கிப் பக்கத்தில் பொருத்த வேண்டும். நாம் குறித்த சூடு வந்ததும் அந்த மீட்டர் ஒரு கம்பி வழியாகப் பெட்டிக்கு ஆமாம் என்று சொல்லும். பெட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது பெட்டி பெரிய ஆள். சூடு அளக்கிற கம்பியை நேராக அதிலேயே செருகலாம். நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன சூடு இருந்தது என்று உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு கம்ப்யூட்டரில் படமாகப் பார்க்கலாம். முகத்தில் ஒரு திரையும் உண்டு. இரண்டாவது பெட்டியைப் போல மூன்று பங்கு விலை.

தலைவியின் கணவர் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கடைக்காரரிடம் உள்ளே ரிலே இருக்கிறதா, மின்சாரம் எத்தனை வோல்ட் தர வேண்டும், மேலும் கம்பி வேண்டுமானால் சேர்க்க முடியுமா என்றெல்லாம் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஏட்டி, நமக்கு இதாக்கும் வேண்டியது” என்றார். “தேன் ஏன் கெடுதுன்னு இப்ப யாருக்குத் தெரியும்? ஹீட்டரா, கரண்டா, அண்டாவான்னு ஒண்ணும் தெரியாது. இது எழுதி வச்சிட்டா தெரிஞ்சு போகும். அந்தச் சின்னதுக்கு நிறுத்தத்தான் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது.”

“காரணம் சொல்லுகதுக்கு மூணு பங்கா?” என்றாள் தலைவி.

“மூணாவது தவணையும் திரும்பினா எத்தனை பங்கு போகும்?”

கடைக்காரர் அந்தத் திரைக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார். எனக்குப் பச்சையாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

“அக்கா, எழுத்து தெரியுதா? நீங்கதானே பக்கத்துல நிப்பிய” என்றாள் தலைவி.

“தெரியுது” என்றேன்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். “எத்தனை டிகிரியில நிறுத்துவீங்கம்மா?”

“நூலு வரைக்கும்” என்று வாயில் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. நூல் எந்த எண்ணில் இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். அறுபது என்றேன். “சரியா அறுபதுதானே?” என்று மறுபடி கேட்டார். அறுபதுதான் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். குழுவில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

அந்த இரண்டாவது கேள்வி பஸ்ஸில் என்கூடவே வந்தது. நூலை நான் அறுபதில் கட்டினேன், அது நிச்சயம். கட்டியது கண் தெரிந்த காலத்தில். இப்போது அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டிய பிறகு பார்த்ததே இல்லை. நூலைப் பார்த்தேனே ஒழிய எண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் மற்றவர்கள் வரும் முன் போய் வெப்பமானியை முற்றத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்போது லேபிள் ஒட்டுகிறவள் வந்தாள். அவளிடம் நீட்டி, நூல் எதில் இருக்கிறது என்று கேட்டேன்.

“எழுவத்து நாலு” என்றாள், பார்த்த உடனே. “எதுக்கு மாமி?”

“சும்மாதான். அதைக் கொஞ்சம் அறுபதுல எறக்கிக் கெட்டு.”

அவள் நகத்தால் நூலைத் தள்ளி இறக்கி, முடிச்சை இறுக்கிக் கொடுத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எப்படி ஏறியது என்று அன்று சாயங்காலம் வெப்பமானியைக் கழுவும்போது தெரிந்தது. தினமும் வேலை முடிந்ததும் அதை வெந்நீரில் முக்கி, ஈரத் துணியால் கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பாகத் துடைப்பேன். தேன் பிசுக்கு போக அப்படித்தான் அழுத்தித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் நூல் கடுகளவு ஏறியிருக்கிறது. என் கைதான் ஏற்றியிருக்கிறது. கண் சரியாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

மூன்றாவது தவணையைச் சரியான நூலோடு காய்ச்சினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஹீட்டரை நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. பத்து நாளில் வியாபாரியிடமிருந்து தகவல் வந்தது. தேன் தேறிவிட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கன்ட்ரோலர் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது, அண்டாவும் என்னிடமே இருக்கும். ஆனால் தலைவியின் கணவருக்குத் தேன் தேறியது நிம்மதி தரவில்லை.

“இதாக்கும் ஆபத்து” என்றார். “ரெண்டு தடவை கெட்டுது, ஒரு தடவை நல்லா வந்துது. நாம ஒண்ணையும் மாத்தல்ல. அன்னைக்குக் கரண்டு குறவு, அதனால தேறிச்சு. நாளைக்குக் கரண்டு கூடினா மறுபடியும் போகும். நிமிஷக் கணக்கு இல்லாம இதைப் பிடிக்க முடியாது. பெரிய பெட்டிதான்.”

கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததே அந்தப் பெரிய பெட்டிக்குச் சாட்சியாகிவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் கூட்டம். பதினான்கு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். தலைவியின் கணவர் உறுப்பினர் இல்லை, ஆனாலும் விளக்கிச் சொல்வதற்காக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். குழுவின் சேமிப்பு முழுவதும் போகும், கூடவே கொஞ்சம் கடனும் வாங்க வேண்டியிருக்கும் என்று தலைவி சொன்னாள். சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள் என்றாள். கைகள் ஒவ்வொன்றாக ஏறின. நான் தூக்கவில்லை.

“அக்கா, உங்களுக்கு சம்மதம் இல்லியா?”

நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லுங்க அக்கா.”

“நூலு மேல ஏறிப் போச்சு” என்றேன். “எழுவத்து நாலுல இருந்துது. எனக்குக் கண்ணு தெரியல்ல. ரொம்ப நாளா தெரியல்ல. மூணாவது தவணைக்கு முன்னாடி எறக்கிக் கெட்டினேன். அதனாலதான் தேறிச்சு. கரண்டு குறவு இல்ல.”

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

தலைவிக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். “ஏன் அக்கா அப்பமே சொல்லல்ல? அந்த வியாபாரிக்க முன்னால நான் எப்பிடி நின்னேன்னு பாத்துட்டுத்தானே இருந்திய?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லேபிள் ஒட்டுகிறவள் தன் தலையில் தட்டிக்கொண்டாள். “சவம், நான்தானே எறக்கிக் கெட்டிக் குடுத்தேன். மாமிக்கு ஏதோ கணக்குன்னு நெனச்சேன். எனக்க புத்தி எங்க போச்சு?” பிறகு வாசற்படியைப் பார்த்து, “அண்ணே, கரண்டு குறவுன்னு சொன்னிய?” என்றாள்.

“அதும் ஒரு காரணந்தான்” என்றார் அவர். பிறகு கையிலிருந்த நோட்டை மூடினார். “காரணம் தெரிஞ்சு போச்சுன்னா நிமிஷக் கணக்கு என்னத்துக்கு? பெரிசு வேண்டாம்.” அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

பெட்டியே வேண்டாம், வாராவாரம் நூலைப் பார்த்தால் போதும் என்று ஒருத்தி சொன்னாள். யார் பார்ப்பது என்று இன்னொருத்தி கேட்டாள். அப்போதுதான் வேறு இரண்டு பேர் தங்களுக்கும் அந்தக் கோடு தெரிவதில்லை என்றார்கள். ஒருத்தி என்னைவிட வயது குறைந்தவள். கூடத்தில் எண்ணைப் படிக்கக் கூடியவர்கள் பாதிப் பேர்தான் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. நூல் இருக்கிற தைரியத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை.

தலைவியின் கணவர் எழுந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, லேபிள் மேஜையிலிருந்த மையை எடுத்து அதில் அறுபது என்று சின்னதாக எழுதினார். அண்டா இருக்கிற இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, என்னை வாசலில் நிற்கச் சொன்னார்.

“அக்கா, என்ன எழுதியிருக்கு?”

“தெரியல்ல.”

அதைவிடப் பெரிதாக எழுதினார். தெரியவில்லை. மூன்றாவது தடவை கட்டைவிரல் நீளத்துக்கு எழுதினார். அறுபது என்றேன். மற்ற இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பார்த்தார். அவர்களுக்கு இரண்டாவது அளவே தெரிந்தது. மூன்று அட்டைகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே கடை. இந்தத் தடவை அவர் ரிலேயைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாவது அட்டையை மேஜைமேல் வைத்து, இந்த அளவுக்கு எண் தெரிகிற மீட்டர் வேண்டும் என்றார். பெரிய பெட்டியின் திரையில் இருந்த எண் முதல் அட்டையைவிடச் சிறியது. கடைக்காரர் தேடி, சிவப்பு வெளிச்சத்தில் எண் காட்டுகிற ஒரு மீட்டரை எடுத்துவந்தார். அதைக் கடையின் உள்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைத் தெருவில் போய் நிற்கச் சொன்னார்கள். பஸ்களும் ஆட்டோக்களும் போகிற இடத்தில் நின்று முப்பத்தொன்று என்று படித்தேன். அன்றைக்கு இருந்த வெயில் அவ்வளவு.

அந்த மீட்டரும், எட்டுக்கு நாலு சின்னப் பெட்டியும் சேர்த்து வாங்கினோம். அறுபது வந்ததும் மீட்டர் ஆமாம் என்று சொல்லும், பெட்டி ஹீட்டரை நிறுத்தும், பத்து நிமிஷம் கிண்டும், பம்பைப் போடும், மணி அடிக்கும். உள்ளே இன்னும் மூன்று கம்பிக்கு இடம் மீதி இருந்தது. பொருத்தி முடிக்கத் தலைவியின் கணவருக்கு நாலு நாள் ஆனது. முதல் நாள் மூடியைத் திறந்தாலும் கிண்டுகிற மோட்டார் நிற்காமல் தேனை என் புடவையில் அடித்தது. ஒரு கம்பியை மாற்றிக் கொடுத்ததும் சரியாயிற்று. அதற்குப் பிறகு தேன் திரும்பி வரவில்லை.

கண்ணில்லாதவளைச் சூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று தலைவி முடிவு செய்தாள். லேபிள் ஒட்டுகிறவளை அண்டாவுக்கு மாற்றினாள். என்னை அவள் மேஜையில் உட்கார வைத்தாள். கண்காட்சிக்கு அனுப்பவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை வேறு இல்லை என்பதால் லேபிள் எனக்கு வந்தது. கண் தெரியாதவளுக்கு ஒட்டுகிற வேலையா என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒட்டினேன். பிறகு நாகர்கோவிலில் நடந்த இலவச முகாமில் கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. கட்டு அவிழ்த்து ஒரு மாதம் கழித்துக் கூடத்துக்குப் போனபோது, அலமாரியில் நான் ஒட்டிய குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட நேராக இல்லை. சிலது தலைகீழாக இருந்தது.

“வியாபாரி ஒண்ணும் சொல்லல்லியா?” என்று கேட்டேன்.

“உள்ள இருக்கது சரியா இருந்தா வெளிய எப்பிடி இருந்தா என்னன்னு சொல்லிட்டாரு” என்றாள் அண்டாவுக்குப் போனவள். “மாமி, ஒரு குப்பியில எனக்க ஃபோன் நம்பர் எழுதின தாளையே ஒட்டி விட்டுட்டிய. நாலு பேரு விளிச்சு தேன் கேட்டாச்சு.”

கண் தெளிந்த பிறகு அண்டாவுக்குத் திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கே நிற்க ஆள் தேவைப்படவும் இல்லை. மணி அடித்தால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். நான் லேபிள் மேஜையிலேயே இருந்துவிட்டேன், இப்போது நேராக ஒட்டுகிறேன்.

இதில் எண்கள் எனக்கு உறுதியில்லை. பெட்டிக்குள் போகிற கம்பி எட்டா ஆறா, மீதி மூன்றா ஒன்றா, நூல் நின்றது எழுபத்து நாலா எழுபத்தாறா என்று தலைவியின் கணவரிடமும் அண்டாவில் நிற்கிறவளிடமும் கேட்க வேண்டும். வருஷமும் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம், கடைச் சீட்டு குழுவின் பீரோவில் இருக்கும். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது இதையெல்லாம் சரிபார்த்துவிட்டால் நல்லது. பிழை இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம், நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.